கடைசிக் கதிரையில் இருந்தவர் ஏன் ரெய்ஸ் பண்ணினார்

1. முதல் நாள்

அந்த வேலை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் நான் துவாய்களை வேகமாக எண்ணியதுதான். வேறு தகுதி எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

சுவிட்சர்லாந்தில், இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்துகொண்டிருந்தேன். இவர், என் கணவர், அதே ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். மகளுக்கு அப்போது ஏழு மாதம். காலையில் இவர் மகளைப் பார்ப்பார். இவருடைய வேலை பிற்பகல் ஒன்றரைக்குத் தொடங்கும். அதற்குள் என்னுடைய அறைகள் முடியாவிட்டால் மகளைத் துணி அறைக்குக் கொண்டுவந்து, வெளுத்த விரிப்புகள் வைக்கும் கூடை ஒன்றில் கிடத்திவிட்டு மிச்ச வேலையைச் செய்வேன். அது ஹோட்டலை நடத்தும் டிரெக்டருக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு மழை நாள் அவர் துணி அறைக்குள் வந்து நின்றார். மகள் கூடைக்குள் விழித்துக் கிடந்தாள். என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். டிரெக்டர் பேசியது ஜெர்மன். அதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். வேறு விதமாக எழுதினால் அவர் சொன்னது போல எனக்கே படவில்லை.

"எத்தினை துவாய் அடுக்கியிருக்கிறாய்?"

"நாற்பத்தெட்டு."

"திரும்பிப் பாக்காமல் சொல்லுறாய்."

"எண்ணிப்போட்டுத்தான் அடுக்கினனான்."

"இங்கிலீஷ் விளங்குமோ? சீட்டுக்கட்டுக் கலைக்கத் தெரியுமோ?"

இரண்டுக்கும் ஓம் என்றேன். யாழ்ப்பாணத்தில் மூன்று தமையன்மாருடன் வளர்ந்தவள் நான். முந்நூற்றிநாலு என்ற சீட்டு விளையாட்டுக்கு நாலாவது கை குறையும் போதெல்லாம் என்னைத்தான் பிடித்து இருத்துவார்கள்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு சின்னச் சலோனுக்கு வா. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வா. பிள்ளை பக்கத்து அறையிலை கிடக்கட்டும், அழுதால் எழும்பிப் போய்ப் பார். ஆனா மேசையிலை வாய் திறக்கக்கூடாது. ஆரோடையும் உங்கடை பாசையிலை கதைக்கவும் கூடாது."

கடைசி வசனம் எதற்கென்று அன்று எனக்கு விளங்கவில்லை. பிள்ளை பக்கத்து அறையில் கிடக்கலாம் என்றதைத் தவிர வேறொன்றும் என் காதில் ஏறவுமில்லை. அந்த ஒரு சலுகைக்காக நான் எதற்கும் தலையாட்டியிருப்பேன். பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

2. மேசையில் என்ன விளையாடினார்கள்

விருந்தினர் இருந்து கதைக்கும் அறையான சலோனில் பிற்பகல் இரண்டிலிருந்து ஆறு வரை சீட்டு விளையாட்டு. மலைக்குப் போக முடியாத நாட்களிலும், விருந்தினர் குறைந்த குளிர்மாதங்களிலும் நடக்கும். அமெரிக்காவிலிருந்து வந்து வருடத்தில் பாதியை ஹோட்டலிலேயே கழிக்கும் ஓய்வுபெற்ற பல் டொக்டர் ஒருவர்தான் அந்த விளையாட்டைக் கொண்டுவந்தார். அதற்கு ஹை-லோ என்று பெயர். இப்படி விளையாடுவது சட்டத்துக்கு உட்பட்டதா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக மிகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் நான்கு தாள் மூடிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு முறைப்படி ஒவ்வொருவராக இரண்டு பிராங் போட்டு நிற்பார்கள், அல்லது தாளை எறிந்துவிடுவார்கள். விரும்பினால் இன்னும் இரண்டு பிராங் ஏற்றலாம். அதுதான் ரெய்ஸ். நினைத்த தொகையை ஏற்ற முடியாது. குறித்த அளவுதான், அதனால்தான் லிமிட் என்பார்கள். தொடங்கும் முறை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒருவர் நகரும்; அந்த ஆட்டத்தில் முதலில் பேசுபவருடையது முதல் கதிரை, கடைசியில் பேசுபவருடையது கடைசிக் கதிரை. பிறகு நான் நடுவில் மூன்று தாளை விரிப்பேன். அது ஃப்ளொப். அதன் பின் ஒன்று, கடைசியாக இன்னொன்று. கையிலிருந்து இரண்டும் நடுவிலிருந்து மூன்றும் சேர்த்து ஐந்து. மிகப் பெரிய ஐந்து வைத்திருப்பவருக்குச் சேர்ந்த காசில் பாதி. ஏஸை ஒன்றாக எண்ணி, எட்டுக்கு மேற்படாத, ஒன்றுக்கொன்று வேறான ஐந்து தாள்களில் மிகச் சிறியதை வைத்திருப்பவருக்கு மற்றப் பாதி. சின்னதுக்கு யாருமே இல்லையென்றால் பெரிய ஐந்து வைத்திருப்பவர் முழுவதையும் எடுப்பார்.

என் வேலை தாள் கொடுப்பது, முறை தவறாமல் பார்ப்பது, கடைசியில் காசுக்குப் பதிலாக வைக்கும் வட்டச் சிப்ஸை இரண்டு சமகுவியலாகப் பிரித்துத் தள்ளிவிடுவது. பிரிப்பதில் நான் ஒருநாளும் பிழைவிட்டதில்லை.

ஃப்ளொப்புக்கு முன் எப்போது ஏற்றுவார்கள் என்று டொக்டரிடம் ஒருநாள் இடைவேளையில் ஆங்கிலத்தில் கேட்டேன். மேசையில்தான் வாய் திறக்கக்கூடாது, அவர் கோப்பிக்கு எழுந்து வந்திருந்தார்.

"உன்ரை தாள் உனக்குப் பிடிச்சிருந்தால் ஏத்து, பிள்ளை. எனக்கு எல்லாத் தாளும் பிடிக்கும். அதுதான் என்ரை வருத்தம்," என்று சொல்லிச் சிரித்தார். உண்மையும் அதுதான். அவர் எந்தத் தாளுக்கும் இரண்டு பிராங் போட்டு நிற்பார்.

நான் அந்தப் பதிலைப் பாடமாக எடுத்துக்கொண்டேன். தாள் நல்லதென்றால் ஏற்றுவார்கள், இல்லையென்றால் ஏற்றமாட்டார்கள். முந்நூற்றிநாலிலும் அப்படித்தானே. அங்கும் முதலில் நான்கு தாள்தான் கையில் வரும். அந்த நான்கை வைத்துத்தான் கேட்க வேண்டும், அதாவது எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கூற வேண்டும். நல்ல நான்கு இருந்தால் தன் முறையில் கேட்பார்கள். நல்லதை வைத்துக்கொண்டு ஒருவர் பேசாமல் இருந்தால், எதிரே இருக்கும் தன் சோடிக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று அர்த்தம்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

3. நேசன் அண்ணை

விளையாட்டுக்கு ஆறு பேர் வேண்டும். குறைந்தால் ஹோட்டலின் ஆள் ஒருவர் ஹோட்டலின் சிப்ஸோடு இருந்து இடத்தை நிரப்புவார். வென்றாலும் தோற்றாலும் ஹோட்டலுக்கு. அவருக்கு மணிக்கூலி மட்டும். அந்த ஆள் நேசன் அண்ணை. எங்கள் பாசையில் கதைக்கக்கூடாது என்று டிரெக்டர் சொன்னது அவரை வைத்துத்தான்.

நேசன் அண்ணை சாப்பாட்டுச் சாலையில் வேலை செய்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். மனைவியும் மகனும் வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தார்கள். எங்கள் எல்லோரையும் போல அவரும் அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டவர். முதல் மறுமொழி மறுப்பாக வந்து, மேன்முறையீடு போட்டு, இளவேனிலில் கடைசி விசாரணைக்காகக் காத்திருந்தார். முதலாளி ஒருவர் 'இவர் நேர்மையான வேலையாள், எனக்கு வேண்டும்' என்று கடிதம் கொடுத்தால் மாநிலம் வைத்துக்கொள்ளும் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. அப்படிக் கடிதம் கொடுத்து நாட்டில் இருப்பதற்கான பேமிற் கிடைத்த இரண்டு பேரை எங்களுக்குத் தெரியும். டிரெக்டர் நேசன் அண்ணைக்கு அந்தக் கடிதத்தைத் தருவதாகச் சொல்லியிருந்தார். பேமிற் வந்தால் மனைவியையும் மகனையும் கூப்பிடலாம். அவர் எதைக் கதைத்தாலும் கதை கடைசியில் அந்தக் கடிதத்தில் வந்துதான் நிற்கும்.

ஒரு தடவை குசினிப் படியில் நின்று இவரிடம் சொன்னார்: "சிவா, மூண்டு வரி போதும். முத்திரை குத்தின மூண்டு வரி. நான் கேக்கிறது அவ்வளவுதான்."

"அண்ணை, நீங்கள் மேசையிலை வெல்லுற காசுக்கு டிரெக்டர் மூண்டு பக்கம் எழுதுவார்," என்றார் இவர்.

"வெல்லக்கூடாதடா. வெண்டால் விருந்தாளிக்குக் கோவம். தோத்தால் டிரெக்டருக்குக் கோவம். நடுவிலை நிக்கிறதுதான் என்ரை வேலை."

அன்று எங்கள் அறையில் இவர் மகளுக்குப் பால்மா கரைத்துக்கொண்டே சிரித்தார். "நேசன் அண்ணையைச் சும்மா ஆள் எண்டு நினையாதையும். முந்நூற்றிநாலிலை அந்தாள் ஒருக்கா இருமினால் சோடிக்குத் துரும்பு என்னெண்டு விளங்கும். ஊரிலை அவையின்ரை சோடிக்கு எதிரா ஒருத்தரும் இருக்க மாட்டினமாம்."

பகிடிக்குச் சொன்னது. நான் அதைப் பகிடியாக வைத்திருக்கவில்லை.

4. கொப்பி

முதலில் முறைப்பட்டவர் தூன் என்ற ஊரிலிருந்து வரும் நொட்டார், பத்திரம் பதியும் சட்டத்தரணி. ஹோட்டலில் குளிர்காலம் முழுவதற்கும் இரண்டு அறை எடுத்திருப்பவர். ஒரு பிற்பகல் சிப்ஸை அடுக்கியபடி, எனக்குக் கேட்கட்டும் என்றே டிரெக்டரிடம் சொன்னார்: "உம்முடைய ஆள் ஏத்துறான், டொக்டர் பாதி எடுக்கிறார், உம்முடைய ஆள் மற்றப் பாதி எடுக்கிறான். நாங்கள் நாலு பேர் இதிலை என்னத்துக்கு இருக்கிறம்?"

டிரெக்டர் சிரித்துச் சமாளித்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அப்போது என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் ஒரு சின்னக் கொப்பி வாங்கினேன்.

நேசன் அண்ணை எப்போதும் டொக்டருக்கு நேர் எதிரே இருப்பார். முந்நூற்றிநாலில் சோடிகள் இருப்பது போல. மூன்று கிழமையாக, அவர் ஏற்றிய ஒவ்வொரு ஆட்டத்தையும் வீட்டுக்கு வந்து எழுதினேன். கடைசியில் தாள் காட்டப்பட்டால் அதையும் எழுதினேன். எழுத எழுத ஒரு ஒழுங்கு தெரிந்தது.

ஓர் ஆட்டத்தில் அவர்தான் முதலில் பேச வேண்டிய கதிரையில் இருந்தார். இரண்டு பிராங் மட்டும் போட்டார், ஏற்றவில்லை. பின்னால் ஐந்து பேரும் நின்றார்கள். முடிவில் அவர் காட்டிய தாள்கள் ஏஸ், இரண்டு, மூன்று, கிங். சின்னப் பாதிக்கு அதைவிட நல்ல கை எத்தனை முறை வரும்? அப்படியொரு கையை வைத்துக்கொண்டு ஏன் பேசாமல் இருந்தார்?

இரண்டு நாள் கழித்து அவர் கடைசிக் கதிரையில். டொக்டர் உட்பட நான்கு பேர் ஏற்கெனவே போட்டு நின்றார்கள். நேசன் அண்ணை ஏற்றினார். கடைசியில் காட்டியவை ஏஸ், இரண்டு, ஐந்து, குயீன். ஏஸும் குயீனும் ஒரே இனம், இஸ்கோப்பன். போன தடவை வைத்திருந்த கையைவிடக் குறைந்த கை. இதற்கு ஏற்றுகிறார், அதற்கு ஏற்றவில்லை. பெரிய பாதியை டொக்டர் எடுத்தார். சின்னப் பாதியை நேசன் அண்ணை எடுத்தார். குவியலை இரண்டாகப் பிரித்து, ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை நேர் எதிர்ப் பக்கமும் தள்ளியது என்னுடைய கைகள்தான்.

கொப்பியில் பதினான்கு ரெய்ஸ் இருந்தது. பன்னிரண்டில் டொக்டர் ஆட்டத்தில் நின்றிருந்தார். ஆறில் இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி. நான் ஏ.எல். வகுப்பில் கணிதம் படித்தவள். பதினான்கில் பன்னிரண்டு தற்செயல் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டொக்டர் எந்தத் தாளுக்கும் நிற்பவர், ஆகவே யார் ஏற்றினாலும் அவர் அங்கே நின்றிருப்பார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. வேறு யார் யார் எந்தக் கதிரையிலிருந்து ஏற்றினார்கள் என்று எழுதியிருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கலாம். ஒருவருக்கு மட்டும்தான் கொப்பி வைத்தேன்.

அவரிடமே கேட்டிருக்கலாம். சாப்பாட்டுச் சாலைக்கும் துணி அறைக்கும் முப்பது அடிதான். மேசையில் தமிழ் கதைக்கக்கூடாது என்ற கட்டளை சாலைக்குப் பொருந்தாது. ஆனால் மனைவி ஊரில் இருக்கும் ஒருவரோடு நான் தனியாக நின்று கதைத்தால் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று யோசித்தேன். கேட்டு, அவர் அப்படிச் செய்யவில்லை என்றால் மனம் நோவார் என்றும் யோசித்தேன். அவர் மனம் நோகக்கூடாது என்று நினைத்துத்தான் கேட்காமல் விட்டேன் என்பதை இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

5. டிரெக்டரின் அறை

மாசி மாதத்தில் டிரெக்டர் கூப்பிட்டார். நொட்டார் வேறு ஹோட்டலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டாராம்.

"நீ ஒவ்வொரு நாளும் மேசையிலை இருக்கிறாய். உனக்கு ஏதாவது தெரியுதோ?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யாக இருந்திருக்காது. சலோனுக்குப் பக்கத்து அறையில் மகள் இருமுவது அங்கேவரை கேட்டது. ஒரு கிழமையாக அந்த இருமல். இந்தப் பிற்பகல் வேலை போனால் அவளை எங்கே விடுவது என்ற யோசனை எனக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் ஏதாவது நடந்து, நான் பார்த்தும் சொல்லாமல் விட்டேன் என்று பிறகு தெரியவந்தால் எங்கள் இருவரின் வேலையும் போகும் என்றும் பயந்தேன். பயந்து சொன்னேனா, கேட்டால் உள்ளதைச் சொல்வது கடமை என்று சொன்னேனா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"நிச்சயமாத் தெரியாது. ஆனா நான் எழுதி வைச்சிருக்கிறன்," என்றேன்.

அவர் கொப்பியைப் பார்த்தார். தமிழில் இருந்ததால் நான் ஒவ்வொன்றாக வாசித்து ஜெர்மனில் சொன்னேன். பதினான்கில் பன்னிரண்டு என்ற இடத்தில் அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"உங்கடை ஊரிலை சோடியா விளையாடுற விளையாட்டு ஒண்டு இருக்குதாமே? குசினியிலை விளையாடுறாங்கள், கண்டிருக்கிறன்."

"ஓம்."

"இவன் அதிலை கெட்டிக்காரனோ?"

"ஓம். அப்பிடித்தான் சொல்லுவினம்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் நேசன் அண்ணைக்கு இரண்டு கிழமை வேலைநீக்க அறிவித்தல் கொடுத்தார்கள். காரணம் எழுதவில்லை. சலோனில் அவருடைய கதிரைக்கு வரவேற்பு மேசையில் வேலை செய்த சுவிஸ் பெடியன் ஒருவன் வந்தான். கடிதத்தைப் பற்றி நேசன் அண்ணை கேட்டதற்கு, "அதைப் பற்றி இனிக் கதைக்க வேண்டாம்" என்று மறுமொழி வந்ததாக இவர் வந்து சொன்னார்.

"என்ன நடந்ததெண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை," என்றார் இவர். "அந்தாள் ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை."

நான் இவரிடமும் சொல்லவில்லை.

6. நொட்டாரின் ரெய்ஸ்

மூன்று கிழமை கழித்து ஒரு வியாழக்கிழமை. மழை. நொட்டார் கடைசிக் கதிரையில் இருந்தார். டொக்டர் உட்பட ஐந்து பேரும் போட்டு நின்றார்கள். நொட்டார் ஏற்றினார். முடிவில் பெரிய பாதி டொக்டருக்கு. சின்னப் பாதிக்கு நொட்டார் காட்டிய கை ஏஸ், இரண்டு, ஆறு, ஜாக்.

நான் குவியலை இரண்டாகப் பிரித்தேன்.  நொட்டார் சிப்ஸை இழுத்தபடி பக்கத்தில் இருந்தவரிடம் இயல்பாகச் சொன்னார்: "அஞ்சு பேர் போட்டு நிக்கேக்கை கடைசியிலை இருந்து ஏத்தாமல் வேறை எங்கை இருந்து ஏத்துறது?"

அதே நாள் அவர் முதல் கதிரைக்கு வந்தபோது ஏஸும் இரண்டும் வைத்துக்கொண்டு ஏற்றாமல் விட்டதையும் பார்த்தேன். ஒருவரும் முறைப்படவில்லை. அது சரியான விளையாட்டு.

ஆறு மணிக்கு டிரெக்டரிடம் போனேன். நான் பிழை விட்டுவிட்டேன், அந்த விளையாட்டு எனக்கு விளங்கியிருக்கவில்லை, நொட்டாரே அப்படித்தான் விளையாடுகிறார் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் அன்று செலவழித்தேன்.

அவர் நன்றாகக் கேட்டார். கோபப்படவில்லை. "நீ உன்ரை வேலையைச் செய்தனி. நான் உன்னிலை பிழை சொல்லேல்லை. ஆனா நான் நொட்டாரிட்டை மன்னிப்புக் கேட்டு அவரை வைச்சிருக்கிறன். இனிப் போய், பிழை உங்கடை கண்ணிலைதான் எண்டு சொல்லோணுமோ?"

"கடிதமாவது எழுதிக் குடுங்கோ. மூண்டு வரி."

"நிப்பாட்டின ஆளுக்கு நான் எப்பிடி எழுதுறது? ஏன் நிப்பாட்டினனி எண்டு கேப்பாங்கள். சலோனிலை என்ன நடக்குதெண்டு பொலிசுக்கு எழுதிக் குடுக்கச் சொல்லுறியோ?"

நான் மகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்குப் போனேன்.

7. ஆற்றங்கரை வாங்கு

அன்றைக்கே இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர், "அந்த இருமல் கதையை நான் உமக்குச் சொல்லியிருக்கக்கூடாது," என்றார். பிறகு, "நீர்தான் போய்ச் சொல்லோணும். நான் வந்தால் அந்தாள் என்னைப் பாத்துக் கோவத்தை அடக்கும்," என்றார்.

நேசன் அண்ணை ஹோட்டல் அறையை விட்டு அகதிகள் விடுதிக்குப் போயிருந்தார். மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அங்கே போனேன். விடுதிக்குள் ஆட்கள் இருந்ததால் ஆரே ஆற்றங்கரையில் ஒரு வாங்கில் போய் இருந்தோம். நான் சொல்லி முடிக்கும் வரை அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களோ," என்றார். "நான் நொட்டார் எண்டெல்லோ நினைச்சன்."

"முதல் கதிரையிலை ஏன் ஏத்தேல்லை எண்டு எனக்கு விளங்கேல்லை அண்ணை."

"கணிதம் படிச்ச பிள்ளை எண்டு சிவா பெருமையாச் சொல்லுறவன்." குரலில் குத்தல் இருந்ததா என்று தெரியவில்லை. பிறகு, சின்ன வகுப்புக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்: "ஏஸும் ரெண்டும் பெரும்பாலும் பாதிக்குத்தான் போற கை. நானும் இன்னொருத்தரும் மட்டும் நிண்டு நான் பாதி எடுத்தால், நான் போட்ட காசுதான் எனக்குத் திரும்பி வருது. அந்தக் கைக்கு ஆக்கள் வேணும். முதல் கதிரையிலை இருந்து ஏத்தினால், பின்னாலை இருக்கிறவை நாலு பிராங் எண்டு பாத்திட்டு எறிஞ்சிட்டு ஓடுவினம். அதாலை சத்தம் போடாமல் ரெண்டைப் போட்டு அவையை உள்ளை வர விடோணும். கடைசிக் கதிரை எண்டால் எல்லாரும் ஏற்கெனவே உள்ளை. ரெண்டு போட்டவன் இன்னொரு ரெண்டுக்கு ஓடமாட்டான். அப்ப ஏத்தோணும்."

"எல்லா நல்ல கைக்கும் அப்பிடியோ?"

"இல்லை. ரெண்டு ஏஸும் பெரிய தாளும் வந்தால் முதல் கதிரையிலையே ஏத்தலாம். அது ஆள் குறைஞ்சால் நல்லாப் போற கை, ஓடுறவை ஓடட்டும். ஏஸ், ரெண்டோடை வேறை உதவி இல்லாட்டில் கடைசியிலையும் யோசிக்கோணும். இன்னொருத்தரிட்டையும் அதே ஏஸ், ரெண்டு இருந்தால் கால்வாசிதான் மிஞ்சும். கை எதெண்டு பாக்கிறது பாதி வேலை. எங்கை இருக்கிறம், எத்தினை பேர் நிக்கினம் எண்டு பாக்கிறது மற்றப் பாதி. இது முந்நூற்றிநாலு இல்லை தங்கச்சி. இதிலை ஒருத்தருக்கும் சோடி இல்லை."

மகள் இருமினாள். அவர் குனிந்து அவளுடைய தொப்பியைக் காதுக்கு இழுத்துவிட்டார்.

"டிரெக்டரிட்டைத் திருப்பிச் சொன்னனீங்களோ?"

"சொன்னனான்."

"எழுதுவாரோ?"

"இல்லை அண்ணை."

அவர் தலையை ஆட்டினார். "ஒருக்கா வந்து என்னட்டைக் கேட்டிருக்கலாமே பிள்ளை. நான் சாப்பாட்டுச் சாலையிலைதானே நிண்டனான்," என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

8. பிறகு

நானே ஒரு கடிதம் எழுதினேன். ஜெர்மன் தெரிந்த ஒருவரைக் கொண்டு திருத்தி, என் பெயரையும் முகவரியையும் போட்டு, நேசன் அண்ணையிடம் கொடுத்தேன். அவர் அதை விசாரணைக்குக் கொண்டுபோனார். அசூல் கேட்டு இருப்பவள் அசூல் கேட்டு இருப்பவருக்கு எழுதிய கடிதம். கோப்புக்குள் போட்டார்களாம். அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். வேலை ஏன் போனது என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார்களாம்.

மறுப்பு வந்தது. நாட்டை விட்டுப் போக வேண்டிய திகதியும் கூடவே வந்தது. அந்தத் திகதிக்கு நான்கு நாள் இருக்கும்போது விடுதியில் அவருடைய கட்டில் வெறுமையாக இருந்தது. பிரான்சுக்குள் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார். எல்லையில் பிடித்துவிட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னார். இருவருமே நேரில் பார்த்தவர்கள் இல்லை.

இரண்டு மாதத்துக்குப் பின் வவுனியாவிலிருந்து ஹோட்டலுக்கு ஒரு கடிதம் வந்தது. உறையில் 'அங்கு வேலை செய்யும் தமிழர்களுக்கு' என்று இருந்ததால் குசினியில் இவரிடம் கொடுத்தார்கள். அவருடைய மனைவி எழுதியிருந்தார். கணவரிடமிருந்து கடிதம் வந்து நாளாகிவிட்டது, முதலாளி கடிதம் தரப்போவதாகத்தான் கடைசியாக எழுதினார், தந்துவிட்டாரா என்று அறிந்து சொல்லுங்கள், மகன் பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் படிக்கலாமா என்று கேட்கிறான், என்று இருந்தது.

மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதில் என்னைப் பற்றி ஒன்றும் இருக்கவில்லை. இரண்டாவதில் என்னைப் பற்றி அளவுக்கு மிஞ்சி இருந்தது. கடைசியில் நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்தில் எழுதி, அவர் எந்தப் பிழையும் செய்யவில்லை என்பதை இரண்டு தரம் எழுதி அனுப்பினேன். அனுப்பியது சரியா என்று தெரியவில்லை. எங்கே இருக்கிறார் என்று தெரியாத ஒருவரைப் பற்றி அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்தது ஒரு காரணத்தை மட்டும்தான். மறுமொழி வரவில்லை.

நான் இன்னும் அந்த ஹோட்டலில்தான் வேலை செய்கிறேன். சலோன் வேலையை விட்டுவிட்டு அறைகளுக்குத் திரும்பிவிட்டேன். மகளை இப்போது பகலில் ஒரு அயல்வீட்டுப் பெண் பார்க்கிறாள். புதிதாக வேலைக்கு வரும் எங்கள் பெண்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. இந்தக் குறிப்பை எழுதியதே அதற்காகத்தான்.

போன மாதம் இரண்டு போர்வைகள் குறைந்தன. டிரெக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, மூன்றாம் மாடியில் வேலை செய்யும் போர்த்துக்கல் பெண்ணைப் பற்றி எனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். எனக்கு ஒன்று தெரிந்துதான் இருந்தது. அதற்கு முதல் நாள் அவள் ஒரு பெரிய பையோடு பின்படியால் இறங்கியதைப் பார்த்திருந்தேன்.

"அவளைக் கூப்பிடுங்கோ," என்றேன். "அவள் வந்து நிண்டால், நான் கண்டதை அவளுக்கு முன்னாலை சொல்லுறன்."

"அவளுக்கு முன்னாலை ஏன்?"

"அந்தப் பைக்குள்ளை என்ன இருந்ததெண்டு அவளுக்குத்தானே தெரியும்."

டிரெக்டர் நேசன் அண்ணையை நினைத்தாரோ என்னவோ. தொலைபேசியை எடுத்தார், பிறகு வைத்தார்.

"வேண்டாம். நீ வேலைக்குப் போ," என்றார்.

அவள் இன்னும் மூன்றாம் மாடியில் வேலை செய்கிறாள். பையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நேசன் அண்ணைக்கும் 'கூப்பிடுங்கோ' என்ற இந்த ஒரு வசனம் போதுமாக இருந்திருக்கும். அவரும், நான் கொப்பியை வாசித்துச் சொன்ன அன்றைக்கு, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், அடுத்த வேளைக்குக் கரண்டிகளை அடுக்கிக்கொண்டு நின்றார்.